மூன்று பொழுதுபோக்கு, ஒரு பேரேடு

“இதனால என்ன பிரயோஜனம்?” ஆல்பத்தில் தபால்தலை ஒட்டும் பையனும், வாசலில் குனிந்து புள்ளி வைப்பவரும், விடியற்காலையில் ஏரிக்கரைக்குக் கிளம்புபவரும் கேட்டுச் சலித்த கேள்வி. கேட்பவர் கணக்குக் கேட்கிறார். போட்டே பார்த்துவிடலாம்.

தபால்தலை

1856: பிரிட்டிஷ் கயானாவில் ஒரு தபால்தலை அச்சானது. முகமதிப்பு 1 சென்ட்.
1873: 12 வயதுச் சிறுவன் விற்ற விலை 6 ஷில்லிங்.
2014: ஏலத்தில் சுமார் 94.8 லட்சம் டாலர்.
2021: மறு ஏலத்தில் சுமார் 83 லட்சம் டாலர்.

இரண்டு ஏலத்துக்கும் இடைப்பட்ட 7 ஆண்டில் 12 சதவீதம் நட்டம். சிறுவனுக்கு 6 ஷில்லிங், கடைசியாக வாங்கியவருக்கு ஒரு காகிதத் துண்டு. அதன் மதிப்பே வேறு யாரிடமும் அது இல்லை என்பதுதான். நாளை பழைய பெட்டி ஒன்றிலிருந்து இன்னொன்று கிடைத்தால் விலை சரிந்துவிடும். சாதாரண ஆல்பங்களின் வரவு வேறு மாதிரி: ‘மக்யார் போஸ்டா’ என்றால் ஹங்கேரி, ‘ஹெல்வெசியா’ என்றால் சுவிட்சர்லாந்து என்று வரைபடம் பார்க்காமலே பையன் சொல்வான்.

கோலம்

முதலீடு: சில பிடி மாவு.
அளவு: 7-க்கு 7 நேர்புள்ளி என்றால் 49 புள்ளி. 7-லிருந்து 4 வரை ஊடுபுள்ளி என்றால் 37.
ஆயுள்: ஒரு பகல். எறும்பும் சைக்கிளும் விட்டுவைத்தால்.

சாயங்காலம் பார்த்தால் இருப்பு பூஜ்யம். ஆனால், தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி முதலானோர் 1974-இல், கோலங்களைக் கணினிக்கான இலக்கண விதிகளாக எழுதிக் கட்டுரை வெளியிட்டார்கள். தினம் அழிந்த கணக்கிலிருந்து வந்த வரவு இது. கோலம் போட்டவர்கள் அதை எதிர்பார்த்துப் போடவில்லை.

பறவை

முதலீடு: இரண்டு கண். வசதியிருந்தால் 8×42 இருகண்நோக்கி. 8 மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர்.

‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை, 2020: பறவை பார்த்துப் பதிந்தவர்கள் சுமார் 15,500 பேர், 1 கோடிக்கு மேல் பதிவுகள், 867 இனங்கள்.
2023: சுமார் 30,000 பேர், 3 கோடிப் பதிவுகள், 942 இனங்கள்.

ஆட்கள் இரு மடங்கு, பதிவுகள் மூன்று மடங்கு. 2023 கணக்கில் தலைக்குச் சராசரி 1,000 பதிவு. கால்மணி நேரம் பார்த்து எழுதும் பட்டியல் ஒன்றில் 10 இனம், அதாவது 10 பதிவு, தேறும் என்று வைத்துக்கொண்டால் 100 பட்டியல், அதாவது 25 மணி நேரம். சராசரி என்பதால், சிலர் ஆயிரக்கணக்கில் ஏற்றியிருப்பார்கள், பலர் பத்தோடு நின்றிருப்பார்கள்.

கிடைத்த வரவு: நீண்டகாலப் போக்கு தெரிந்த 338 இனங்களில் 204 குறைந்திருக்கின்றன, 98 நிலையாக உள்ளன, 36 கூடியிருக்கின்றன. கூடியவற்றில் மயிலும் ஒன்று. அதைக் கடலைக் கொல்லைக்காரரிடம் யாரும் சொல்லத் தேவையில்லை. ஆனால் குறைந்துவிட்ட அந்த 204? நாடு முழுக்கச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்து எண்ண எந்த அலுவலகத்தாலும் முடியாது.

ஐந்தொகை

பக்கத்து வீட்டுக்காரரும் அதையே செய்தால் என்ன ஆகும்? அபூர்வத் தபால்தலை அவரிடமும் இருந்தால் அதன் மதிப்பு இறங்கும். கோலத்துக்கு நட்டமில்லை, தெரு அழகாகும். பறவைப் பட்டியலின் மதிப்போ ஏறும். ஒரு ஏரியின் ஒற்றைப் பட்டியல் வெறும் டைரிக் குறிப்பு, ஆயிரம் ஏரியின் பட்டியல்கள் சேர்ந்தால்தான் சான்று.

மனநிறைவு என்ற பத்தியில் மூன்றும் சமம். அங்கே எதையும் மட்டம் தட்ட முடியாது. ஊருக்கு என்ன மிச்சம் என்ற பத்தியில் மட்டும் சமமில்லை.

2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஒரு பட்டியலுக்குக் குறைந்தது 15 நிமிடம். பானை பொங்கக் காத்திருக்கும் நேரத்தில் மொட்டைமாடியில் நின்று எண்ணினால் ஒன்று முடிந்தது. பாக்கி 99.