சுவரும் கூரையும் சந்திக்கும் இடம்

புலம்பெயர்ந்த மண்ணில் எம்மவர் வாங்கும் வீட்டின் ஒவ்வொரு செங்கல்லிலும் வியர்வை கலந்திருக்கிறது. இரண்டு வேலை, மூன்று வேலை செய்து, சீட்டுப் பிடித்து, சேர்த்த பணம் அனைத்தையும் முற்பணமாகக் கட்டி, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு வங்கிக்குக் கடன்பட்டு அவ்வீட்டை வாங்குகிறோம். வாங்கும் வேளையில் அறைகளின் எண்ணிக்கையைப் பார்க்கிறோம். சமையலறையின் அழகைப் பார்க்கிறோம். நிலக்கீழ் அறையை வாடகைக்கு விடலாமா என்றும் கணக்குப் பார்க்கிறோம். ஆனால் கூரை வந்து சுவரைத் தொடும் இடத்தை எம்மில் எத்தனை பேர் நிமிர்ந்து பார்க்கிறோம்? மழைநீர் வீட்டினுள் நுழைவது பெரும்பாலும் அத்தகைய இடங்களால்தான்.

கனடாவின் மேற்குக் கரையிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் இந்த உண்மையைப் பெரும் விலை கொடுத்து அறிந்துகொண்டது. 1980களின் தொடக்கத்திலிருந்து 1990களின் இறுதிவரை வன்கூவரிலும் அதன் சுற்றாடலிலும் கட்டப்பட்ட மாடிக் குடியிருப்புகள் பல, சில ஆண்டுகளிலேயே சுவருக்குள் உக்கத் தொடங்கின. வெளிப்பூச்சு புதிதுபோல் இருக்க, உள்ளேயிருந்த மரச்சட்டங்கள் விரலால் அழுத்தினாலே நொறுங்கும் நிலைக்கு வந்தன. ஆயுட்காலச் சேமிப்பை அவற்றில் முடக்கியிருந்த குடும்பங்கள் திருத்தச் செலவுக்காக மீண்டும் கடன்பட்டன. 1998ஆம் ஆண்டில் மாகாணத்தின் முன்னாள் முதல்வர் டேவ் பரெட் தலைமையில் விசாரணை ஆணைக்குழு அமைக்கப்பட்டது. அதற்கு முன்னரே, 1996இல், கனடாவின் வீடமைப்புக் கூட்டுத்தாபனத்துக்காகச் செய்யப்பட்ட ஆய்வொன்று, நீர் புகுந்த வழிகளைக் காட்டியிருந்தது. யன்னலின் ஓரம், மாடத்தின் விளிம்பு, சுவரும் கூரையும் கூடும் மூலை என, ஒரு பொருள் முடிந்து இன்னொன்று தொடங்கும் மூட்டுகளிலேயே பெரும்பாலான கோளாறுகள் இருந்தன.

ஊர்ப் பழக்கமும் இந்நாட்டுச் சுவரும்

ஊரில் பெரிய வீட்டுச் சுவரோடு சேர்த்துப் பத்தி இறக்கும்போது, ஓடு சுவரைத் தொடும் இடத்தில் மேசன் சீமெந்துச் சாந்தால் ஒரு கரை பிடித்துவிடுவார். மாரியில் அது வெடித்து ஒழுகினால் மறுபடியும் பூசிக்கொள்வோம். கல்லும் சாந்துமான சுவர் நனைந்தாலும் சில நாள் வெயிலில் காய்ந்துவிடும். அதனால் ஒழுக்கு எமக்கு ஒரு தொல்லையாக இருந்ததேயன்றி ஆபத்தாக இருக்கவில்லை.

இங்கு நிலை வேறு. ரொறொன்ரோவின் பெரும்பாலான புதிய வீடுகளில் வெளியே தெரியும் செங்கல் வீட்டைத் தாங்குவதில்லை. அது ஒரு போர்வை மட்டுமே. அதன் பின்னால் சிறிய காற்று இடைவெளியும், அதற்கும் பின்னால் பாரத்தைத் தாங்கும் மரச்சட்டமும், குளிர்காப்புப் பஞ்சும், பிளாஸ்ரிக் விரிப்பும் உள்ளன. அவ்வடுக்குகளுக்குள் புகுந்த நீர் காய்வதற்கு இடமில்லை. மரம் உக்கும்; பஞ்சில் பூஞ்சணம் படரும். அந்தக் காற்றைச் சுவாசிக்கும் பிள்ளைகளுக்கு இருமலும் இழுப்பும் கூடும். வெளியே கறை தெரியும்போது உள்ளே சேதம் முற்றியிருக்கலாம்.

கிடுகு சொல்லும் பாடம்

இதைத் தடுப்பதற்கு அமைந்ததே 'பிளாஷிங்' என்னும் வளைத்த உலோகத் தகடு. அதன் தத்துவம் எமக்குப் புதியதன்று. கிடுகு வேய்பவர் கீழிருந்து மேலாகவே வேய்வார். மேல் வரிசை கீழ் வரிசையின்மீது படிந்தால்தான் நீர் வழிந்தோடும். பிளாஷிங்கும் அவ்வாறே மேலேயுள்ளது கீழேயுள்ளதை மூடுமாறு அடுக்கப்படுகிறது.

சரிந்த கூரை ஒரு சுவரின் ஓரமாக இறங்கும் இடத்தில், ஒவ்வொரு கூரை வரிசைக்கும் ஒரு தகடாக, பாதி கூரையிலும் பாதி சுவரிலும் படியுமாறு படிப்படியாக வைக்க வேண்டும். செங்கல் சுவராயின், சாந்து வரியை ஏறத்தாழ 25 மில்லிமீற்றர் ஆழத்துக்கு வெட்டி, அதற்குள் இன்னொரு தகட்டின் விளிம்பை மடித்துச் செருகி, அது படித்தகடுகளின் மேல் தொங்குமாறு இறக்க வேண்டும். கூரை முடிந்து பீலி தொடங்கும் மூலையில், நீரைச் சுவரிலிருந்து விலக்கிப் பீலிக்குள் தள்ளும் வெளிமடிப்புத் தகடு ஒன்று வேண்டும். அளவில் மிகச் சிறிய அத்துண்டு இல்லாத வீடுகளில், அம்மூலைக்குக் கீழே மரம் உக்குவதை அனுபவமுள்ள தச்சர்கள் நன்கறிவர்.

செங்கல் போர்வையின் அடியிலும் ஒரு தகடோ விரிப்போ உண்டு. பின்புறம் சுவரில் குறைந்தது 150 மில்லிமீற்றர் மேலேறி, முன்புறம் வெளியே நீண்டு, உள்ளே இறங்கிய நீரை அது வெளியேற்றுகிறது. அந்நீர் கசிவதற்காகக் கீழ்வரிசையில் 80 சென்ரிமீற்றருக்கு மேற்படாத இடைவெளிகளில் சாந்திடாத துவாரங்கள் விடப்படுகின்றன. எறும்பு வருகிறது, குளிர் வருகிறது என்று சிலர் இவற்றைப் பசையிட்டு அடைக்கின்றனர். சுவர் மூச்சுவிடும் வாயை மூடும் செயல் அது.

பசை போதாது

கூரை மாற்றும் வேலையை எம்மவர் பலர், தெரிந்தவர் என்ற நம்பிக்கையில், பற்றுச்சீட்டின்றிக் காசாகவே கொடுத்து ஒப்படைக்கின்றனர். நேர்மையான தொழிலாளர் நிறையவே உள்ளனர். ஆயினும் அவசர வேலைகளில், துருப்பிடித்த பழைய தகட்டின் மேல் தாரையோ பசையையோ அப்பிவிட்டுப் போகும் வழக்கமும் உண்டு. உறைதலும் உருகுதலும் மாறி மாறி வரும் இக்காலநிலையில் அப்பூச்சு விரைவில் வெடிக்கும். மூட்டைக் காப்பது தகடே. பசை அதற்குத் துணை மட்டுமே.

ஆகவே வேலை தொடங்குமுன், சுவரோரத் தகடுகள் புதிதாக இடப்படுமா, சாந்து வரி வெட்டப்படுமா, பீலி மூலையில் வெளிமடிப்புத் தகடு உண்டா என்று கேட்டு எழுத்தில் பெறுங்கள். அலுமினியத் தகட்டை ஈரச் சாந்து அரிக்கும் என்பதால், இடையில் காப்புப் பூச்சு இருக்கிறதா என்றும் கேளுங்கள். வேலை முடிந்ததும் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். நீங்கள் ஏணியில் ஏறத் தேவையில்லை.

புதிய வீடு வாங்குவோர் காலக்கெடுவையும் மறத்தலாகாது. ஒன்ராறியோவில் வெளிச்சுவரினூடாக நீர் புகுவதற்கான சட்டபூர்வ உத்தரவாதம் 2 ஆண்டுகள் மட்டுமே. பிரிட்டிஷ் கொலம்பியாவில், பட்ட அனுபவத்தின் பயனாக, 1999 முதல் அது 5 ஆண்டுகளாக உள்ளது. வீடு கைமாறினாலும் எஞ்சிய காலம் புதிய உரிமையாளரைச் சேரும். எனவே கெடு முடியுமுன், பெருமழை ஓய்ந்த ஒரு நாளில் வீட்டை ஒருமுறை சுற்றி வாருங்கள். செங்கல்லில் உப்புப் பூத்திருக்கிறதா, பீலி மூலையின் கீழே கறை வழிகிறதா, யன்னலின் மேல்மூலையில் நிறப்பூச்சு பொருமியிருக்கிறதா என்று பாருங்கள். கண்டதை உடனே எழுத்தில் முறையிடுங்கள்.

ஒருமுறை வீடிழந்து வந்தவர்கள் நாம். இரண்டாவது வீட்டை ஒரு துண்டுத் தகட்டின் குறையால் மழைக்குக் கொடுத்துவிடலாகாது.