ஒளியில் மங்கும் சாயமும் காசநோய்ப் பரிசோதனையும்

காசநோயைக் கண்டறிவதில் சளிப் பரிசோதனை நெடுங்காலமாக முக்கிய இடம் வகித்து வருகிறது. நம் நாட்டு ஆய்வுக்கூடங்களில் பரவலாகக் கையாளப்பட்டு வந்த சீல்-நீல்சன் முறையில், கிருமிகள் நீலப் பின்னணியில் சிவப்பாகத் தோன்றும். ஆரமைன் என்னும் ஒளிரும் சாயத்தைப் பயன்படுத்தினால், அவை இருண்ட பின்னணியில் மஞ்சள் நிறத்தில் ஒளிரும். குறைந்த உருப்பெருக்கத்திலேயே இவை புலப்படுவதால், குறுகிய நேரத்தில் பரந்த பகுதியை ஆராய இயலுகிறது. கிருமிகள் குறைவாக உள்ள மாதிரிகள் தவறிப்போகும் வாய்ப்பும் குறைகிறது.

முற்கால ஒளிர்வு நுண்ணோக்கிக்குப் பாதரச ஆவி விளக்கும் இருட்டறையும் தேவைப்பட்டன. அவ்விளக்கின் ஆயுள் சில நூறு மணி நேரமே. எல்.இ.டி. விளக்கோ 10,000 மணி நேரத்திற்கும் மேல் உழைக்கும். மின்கலத்தைக் கொண்டும் இயங்கும். உலக சுகாதார நிறுவனம் 2011-இல் இதனைப் பரிந்துரைத்தது. இந்தியக் காசநோய்த் திட்டத்திலும் இக்கருவிகள் இடம்பெற்றன.

எனினும், இச்சாயத்தை ஒளிரச் செய்யும் ஒளியே நாளடைவில் அதனை மங்கவும் செய்கிறது. சாய மூலக்கூறு நீல ஒளியை ஏற்றுக் கிளர்ச்சியுற்று, கணநேரத்தில் அவ்வாற்றலின் ஒரு பகுதியை வேறு நிற ஒளியாக வெளியிட்டுப் பழைய நிலைக்குத் திரும்புகிறது. சில மூலக்கூறுகள் மட்டும் கிளர்ந்த நிலையில் சற்று நீடித்து, பிராணவாயு முதலியவற்றுடன் வினைபுரிந்து அமைப்பு மாறிவிடுகின்றன. அவை மீண்டும் ஒளிர்வதில்லை. சாயமேற்றிய துணி வெயிலில் வெளுப்பதும் ஒளியால் நிகழும் இத்தகைய மாற்றமே.

இதன் விளைவு சிறிதன்று. சாயமேற்றிய கண்ணாடித் தகடு வெளிச்சத்தில் கிடந்தபின் ஆராயப்பட்டால், நோயாளி சிகிச்சையின்றி வீடு திரும்ப நேரலாம். நோய் பிறருக்கும் பரவலாம். மேலும், தரக் கண்காணிப்பிற்காகத் தகடுகள் பின்னர் மறு ஆய்வு செய்யப்படுகின்றன. அதற்குள் சாயம் மங்கிவிடின், 'கிருமி இல்லை' என்ற முடிவு கிடைக்கும். சரியாகக் கணித்த ஆய்வக ஊழியர் மீது வீண் பழி விழும்.

இதனைத் தவிர்க்கும் வழிகள் எளியவை. சாயக் கரைசலைப் பழுப்பு நிறப் புட்டியில் வைத்தல், சாயமேற்றிய தகடுகளைத் தாமதமின்றி ஆராய்தல், அவற்றை மூடிய பெட்டியில் இருளில் பாதுகாத்தல், மறு ஆய்வுக்குமுன் மீண்டும் சாயமேற்றுதல் ஆகியவையே அவை. இவற்றுக்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை.

இன்று மூலக்கூறு பரிசோதனைகள் விரிவாக்கப்பட்டு வருகின்றன. ஆயினும் சிகிச்சையின் பலனைக் கண்காணிக்க நுண்ணோக்கி இன்னும் பயன்படுகிறது. கருவியை வழங்குவதோடு, அதன் சாயத்தைக் காக்கும் பயிற்சியையும் ஊழியர்களுக்கு அளித்தாலன்றி, செலவிட்ட பணத்தின் முழுப் பயன் நோயாளியைச் சென்றடையாது.