களி இறங்காதபோது...

உணவுக்குழாய்க் கட்டியில் உள்ள புரதங்கள் நோயின் போக்கையும் ஏற்ற மருந்தையும் கோடி காட்டுகின்றன. ஆனால், நோயாளி சீக்கிரம் வந்து சேர வேண்டும்.

ராகிக் களியை மெல்லாமல் உருட்டி விழுங்குவது தென் கர்நாடகத்து வழக்கம். 1997 வரை மைசூர் மாவட்டத்திலும், பிறகு சாமராஜநகர் மாவட்டத்திலும் உள்ள ஹனூர் வட்டாரமும் அதற்கு விலக்கல்ல. உணவுக்குழாயில் புற்றுநோய் வந்தால் முதலில் சிக்குவது இந்த உருண்டைதான். களி இறங்கவில்லையா, குழைந்த சோறு. அதுவும் இறங்கவில்லையா, கஞ்சி. உணவை மாற்றி மாற்றியே மாதங்கள் கழிகின்றன. குழாய் பாதியளவு அடைபட்ட பிறகே விழுங்குவதில் சிரமம் தெரியும் என்பதுதான் இந்த நோயின் கொடுமை.

2022 மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஓராண்டில் சுமார் 70,000 பேருக்கு இந்நோய் வந்தது. இறந்தவர்கள் 66,000-க்கும் மேல். புகையிலை, மது, பாக்கு ஆகியவை முக்கியக் காரணங்கள்.

எண்டோஸ்கோப்பி மூலம் கிள்ளி எடுக்கும் சிறு திசுதான் சிகிச்சையின் தொடக்கம். அதை மெழுகில் பதித்து, மெல்லிய சீவல்களாக்கி, குறிப்பிட்ட புரதத்தில் மட்டும் ஒட்டும் எதிர்ப்பொருளைச் சேர்க்கிறார்கள். புரதம் இருந்தால் பழுப்பு நிறம் தெரியும்.

பழுதான 'பி53' புரதம் செல்லில் குவிந்திருந்தால், காவல்காரன் செயலிழந்துவிட்டான் என்று பொருள். 'கேஐ-67' அதிகமிருந்தால் செல்கள் வேகமாகப் பிரிகின்றன. இவற்றை வைத்து நோயாளியின் ஆயுளைக் கணிக்கப் பல ஆய்வுகள் முயன்றன. முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டதால், இவற்றை மட்டும் நம்பி எவரும் சிகிச்சையைத் தீர்மானிப்பதில்லை.

மருந்தைத் தேர்ந்தெடுக்க உதவும் புரதங்கள் வேறு. இரைப்பையும் உணவுக்குழாயும் சேரும் இடத்துக் கட்டியில் 'ஹெர்2' மிகுந்திருந்தால் டிராஸ்டுசுமாப் பலன் தரும் என்று 2010-ல் நிரூபணமானது. இந்தியாவில் அதிகம் காணப்படும் செதிள் செல் வகைக்குப் பயன்படுவது 'பிடி-எல்1'. உடலின் காவல் செல்களை 'நில்' என்று தடுக்கும் புரதம் இது. இப்புரதம் கொண்ட கட்டிகளுக்குக் கீமோதெரபியுடன் நிவோலுமாப் சேர்த்தபோது சராசரி ஆயுள் 9.1 மாதத்திலிருந்து 15.4 மாதமாக உயர்ந்ததை 2022-ல் வெளியான சர்வதேச ஆய்வு காட்டியது. புரதம் இல்லாதவர்களுக்குப் பலன் மிகக் குறைவு.

சிக்கல் விலையில் இருக்கிறது. இந்த மருந்தின் முழு அளவுச் சிகிச்சை சாதாரணக் குடும்பங்களுக்கு எட்டாதது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை, தலை-கழுத்துப் புற்றுநோய்க்கு வெறும் 20 மில்லிகிராம் நிவோலுமாப் கொடுத்துப் பார்த்தது. ஓராண்டு உயிர் வாழ்ந்தவர்கள் 16 சதவீதத்திலிருந்து 43 ஆக உயர்ந்தனர். உணவுக்குழாய்க்கும் இது அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் வழி தெரிகிறது.

எந்தப் புரதத்தையும் விட ஆயுளைத் தீர்மானிப்பது நோயின் கட்டம்தான். பரவாத நிலையில் கீமோதெரபியும் கதிர்வீச்சும் கொடுத்துப் பிறகு அறுவை செய்தவர்களின் சராசரி ஆயுள் 49 மாதம். அறுவை மட்டும் செய்தவர்களுக்கு 24 மாதம். 2012-ல் நெதர்லாந்து ஆய்வு சொன்ன கணக்கு இது.

ஹனூர்வாசிகளுக்குப் பெங்களூர் கித்வாய் புற்றுநோய் நிலையம் பல மணி நேரப் பயணம். ஆனாலும், இரண்டு வாரத்துக்கு மேல் களி தொண்டைக்குக் கீழே சிக்கினால் அடுத்த வேளைக் கஞ்சியைப் பற்றி யோசிப்பதை விட, எண்டோஸ்கோப்பி பற்றி யோசிப்பதே புத்திசாலித்தனம்.