'படபட' என்றொரு சொல்



நம் வீடுகளில் அடிக்கடி புழங்கும் சொல் 'படபட'. "ஏன் இப்படிப் படபடன்னு பேசறீங்க? சித்த நிதானமாச் சொல்லுங்க" என்று நாம் கேட்காத நாளில்லை. இச்சொல்லின் பொருளை இன்று சற்றே சிந்திப்போம்.

'படபட' என்பது இரட்டைக்கிளவி. பிரித்தால் பொருள் தராது. புறா சிறகடிக்கும்போதும், கொடியில் காயும் துணி காற்றில் அடித்துக்கொள்ளும்போதும் எழும் ஒலியே சொல்லாகிவிட்டது. விரைந்த பேச்சுக்கு நம்மிடம் வேறு சொற்களும் உண்டு. மனப்பாடம் செய்த பிள்ளை 'கடகட'வென்று ஒப்பிக்கிறது. வேலையற்ற பேச்சு 'வளவள' என்று நீள்கிறது. கோபத்தில் பேசுபவர் 'பொரிந்து தள்ளுகிறார்'. சூடான சட்டியில் தானியம் வெடிப்பதைப் பார்த்தவர்கள் உருவாக்கிய வழக்கு அது.

ஆனால் 'படபட' மட்டும் நாவோடு நெஞ்சுக்கும் உரியது. "நெஞ்சு படபடன்னு அடிக்குதுங்க" என்று மருத்துவரிடம் சொல்கிறோம். பதற்றத்தைப் 'படபடப்பு' என்கிறோம். உள்ளத்தில் நிறைந்திருப்பதையே வாய் பேசும் என்று ஆண்டவர் கற்பித்ததை (லூக் 6:45) இச்சொல் தன் வழியில் நமக்கு நினைவூட்டுகிறது.

செபத்தைப் பற்றி இயேசு பேசும்போது, பிற இனத்தவரைப்போலப் பிதற்ற வேண்டாம் என்கிறார் (மத் 6:7). அங்குள்ள கிரேக்கச் சொல் 'பட்டலொகேயோ'. புதிய ஏற்பாட்டில் இந்த ஓர் இடத்தில் மட்டுமே அது வருகிறது. அதுவும் திக்கித் திரும்பும் நாவின் ஒலியிலிருந்து பிறந்த சொல் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். நம் 'படபட'வுக்கும் அதற்கும் மொழி உறவு இல்லை. எனினும் இரண்டும் ஒலியில் பிறந்த சொற்களே.

புனித செபமாலை அன்னையின் பாதுகாவலில் வாழும் கருமத்தம்பட்டி மக்களாகிய நமக்கு இது முக்கியமான செய்தி. 53 அருள்நிறை மந்திரங்களையும் எவ்வளவு விரைவில் முடிக்கலாம் என்று பார்த்தால் அது செபமாகுமா? 1974-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் 'மரியாலிஸ் குல்துஸ்' என்னும் மடலில், செபமாலை அமைதியான, நிதானமான நடையில் சொல்லப்பட வேண்டியது என்றார். தியானமின்றிச் சொன்னால் அது ஆன்மா இல்லாத உடலைப் போன்றது என்று எச்சரித்து, மத்தேயுவின் இதே வசனத்தையே நினைவூட்டினார். 2002-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், மறைபொருளை அறிவித்தபின் சற்று மௌனம் காக்குமாறு பரிந்துரைத்தார். 'இயேசு' என்னும் பெயரே அருள்நிறை மந்திரத்தின் மையம் என்றும், அவசரத்தில் அது கவனிக்கப்படாமல் போகிறது என்றும் சுட்டிக்காட்டினார்.

செபத்திற்குச் சொன்னது குடும்பத்திற்கும் பொருந்தும். கருமத்தம்பட்டி, சோமனூர் பகுதியில் விசைத்தறிகளின் இரைச்சலில் ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்கள் பலருக்குக் காது மந்தமாகியிருக்கிறது. வீட்டில் மகனும் மருமகளும் படபடவென்று பேச, பாதி விளங்காமலே "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டும் பெரியவர்கள் இருக்கிறார்கள். மறுபடி கேட்டால் எரிச்சலடைவார்களோ என்ற அச்சம் அவர்களுக்கு. தம் வீட்டிலேயே அவர்கள் தனித்துவிடப்படுகிறார்கள்.

வேகமாகப் பேசுவது பாவமல்ல; சிலருக்கு அது பிறவிக் குணம். ஆனால் "படபடன்னு பேசிட்டேன், மனசுல ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிவிட்டால் கேட்டவரின் காயம் ஆறிவிடுவதில்லை. கேட்பதில் விரைவும் பேசுவதில் தாமதமும் வேண்டும் என்கிறார் புனித யாக்கோபு (யாக் 1:19). நாம் பல நேரங்களில் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். தனக்கு வாய் திறமை இல்லை, நாவும் மந்தம் என்று தயங்கிய மோசேயையே (விப 4:10) கடவுள் தம் மக்களை விடுவிக்க அனுப்பினார் என்பதை மறவாதிருப்போம்.

இன்றிரவு குடும்பச் செபமாலையில் ஒவ்வொரு மறைபொருளுக்குப் பின்னும் சற்று மௌனம் காப்போம். 'இயேசு' என்னும் பெயரை நிறுத்திச் சொல்வோம். செபம் முடிந்ததும், வீட்டில் காது மந்தமானவர் அருகே அமர்ந்து, அன்றைய செய்தியை அவருக்கு விளங்கும்படி மெதுவாகச் சொல்வோம்.