ரீமேக்கில் தெரியாத முகம்: பத்ம பூஷண் அனந்த் நாக்கின் அரை நூற்றாண்டுத் திரைப்பயணம்

பெங்களூரு: 2025-ஆம் ஆண்டு குடியரசு தினத்தையொட்டி அறிவிக்கப்பட்ட பத்ம பூஷண் பட்டியலில் நடிகர் அஜித்குமார், நடிகை ஷோபனா ஆகியோரின் பெயர்களைத் தமிழக ரசிகர்கள் கொண்டாடினர். அதே பட்டியலில் கர்நாடகத்திலிருந்து இடம்பெற்ற மூத்த நடிகர் அனந்த் நாக்கின் பெயர் தமிழகத்தில் அவ்வளவாகப் பேசப்படவில்லை. ஆனால், அவர் முதலில் ஏற்று நடித்த கதாபாத்திரங்களைத் தமிழ் ரசிகர்கள் ஏற்கெனவே பார்த்திருக்கின்றனர். அவற்றில் வேறு நடிகர்களின் முகங்கள் இருந்தன என்பதே வேறுபாடு.

2018-இல் ராதாமோகன் இயக்கத்தில் வெளியான '60 வயது மாநிறம்' படத்தில், நினைவாற்றலை இழந்து காணாமல் போகும் தந்தையாகப் பிரகாஷ் ராஜ் நடித்தார். 2021-இல் வெளியான 'கபடதாரி' படத்தில் ஓய்வுபெற்ற காவல் அதிகாரியாக நாசர் நடித்தார். இவ்விரு படங்களின் கன்னட மூலங்களிலும் அந்தப் பாத்திரங்களை ஏற்றவர் அனந்த் நாக். யார் இவர்? கன்னட மக்கள் இவரை ஏன் இவ்வளவு நெருக்கமாகக் கருதுகின்றனர்?

மும்பை மேடையிலிருந்து திரைக்கு

கொங்கணியைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பத்தில் 1948 செப்டம்பர் 4-ஆம் தேதி பிறந்தவர் அனந்த் நாகர்கட்டே. பின்னாளில் அனந்த் நாக் என்ற சுருக்கமான பெயரே நிலைத்தது. இளம் வயதில் மும்பைக்குச் சென்ற அவர், அங்கு நாடகத்துறையில் ஈடுபட்டார். கொங்கணி, கன்னடம், மராத்தி, இந்தி எனப் பல மொழி நாடகங்களில் நடித்த அனுபவம் அவருக்கு அடித்தளமாக அமைந்தது. 1973-இல் வெளியான 'சங்கல்பா' என்ற கன்னடப் படத்தின் மூலம் அவர் திரையுலகில் அறிமுகமானார்.

மறு ஆண்டே ஷியாம் பெனகல் இயக்கிய 'அங்குர்' வெளியானது. இந்தியாவின் மாற்றுத் திரைப்பட இயக்கத்தில் முக்கிய இடம் பெற்ற இப்படத்தில், கிராமத்துக்கு வரும் நிலக்கிழாரின் மகனாக அனந்த் நாக் நடித்தார். தன்னிடம் வேலை செய்யும் ஏழைப் பெண்ணுடன் உறவு கொண்டு, அவள் கருவுற்றதும் பொறுப்பேற்க அஞ்சி ஒதுங்கும் கோழை மனிதனின் பாத்திரம் அது. அப்பெண்ணாக நடித்த ஷபனா ஆஸ்மிக்கும், அவளுடைய கணவனாக நடித்த சாது மெஹருக்கும் தேசிய விருதுகள் கிடைத்தன. பார்வையாளரின் வெறுப்பைச் சம்பாதிக்க வேண்டிய பாத்திரத்தை ஏற்றவருக்கு அந்த விருது கிடைக்கவில்லை.

தொடர்ந்து பெனகலின் 'நிஷாந்த்', 'மந்தன்', 'பூமிகா', 'கலியுக்' ஆகிய படங்களிலும் அவர் நடித்தார். ஷபனா ஆஸ்மி, ஸ்மிதா பாட்டீல், நசீருதீன் ஷா ஆகியோருடன் ஒரே தலைமுறைக் கலைஞராக அவர் அடையாளம் காணப்பட்ட காலம் அது.

கன்னடத்தைத் தேர்ந்த முடிவு

இந்தித் திரையுலகிலேயே தங்கியிருந்தால் நாடறிந்த நடிகராக அவர் வளர்ந்திருக்கக்கூடும். ஆனால், அவருடைய திரைவாழ்வின் பெரும்பகுதி கன்னடத்திலேயே அமைந்தது. 1975-இல் ஜி.வி.ஐயர் இயக்கிய 'ஹம்சகீதெ' படத்தில் சித்ரதுர்காவைச் சேர்ந்த இசைக்கலைஞராக அவர் நடித்தார். தா.ரா.சுப்பராவின் நாவலைத் தழுவிய இப்படத்தில் பாடியதற்காக, சென்னை இசை ரசிகர்களுக்கு நன்கு அறிமுகமான எம்.பாலமுரளிகிருஷ்ணா சிறந்த பின்னணிப் பாடகருக்கான தேசிய விருதைப் பெற்றார்.

கலைப்படங்களோடு நின்றுவிடாமல் வணிகப் படங்களையும் அவர் ஏற்றார். 1979-இல் வெளியான 'நா நின்ன பிடலாரெ' என்ற திகில் படம் பெரும் வெற்றி பெற்றது. அதில் அவருடன் நடித்தவர், 'சில நேரங்களில் சில மனிதர்கள்' படத்துக்காகத் தேசிய விருது பெற்ற லட்சுமி. அனந்த் நாக்–லட்சுமி இணை அதன்பின் 'சந்தனத கொம்பெ', 'பெங்கிய பலெ' உள்ளிட்ட பல குடும்பப் படங்களில் தொடர்ந்து, கன்னட ரசிகர்களின் விருப்பத்துக்குரிய இணைகளுள் ஒன்றாக விளங்கியது.

யு.ஆர்.அனந்தமூர்த்தியின் எழுத்துகளைத் தழுவிய இரு படங்கள் அவருடைய நடிப்பின் மற்றொரு பக்கத்தைக் காட்டின. எம்.எஸ்.சத்யு இயக்கிய 'பர' படத்தில், வறட்சியால் வாடும் மாவட்டத்தில் அரசியல் இடையூறுகளுக்கு நடுவே கடமையாற்ற முயலும் அதிகாரியாக அவர் நடித்தார். 1987-இல் வெளியான 'அவஸ்தெ'யில் சோஷலிசத் தலைவர் கிருஷ்ணப்பாவாகத் தோன்றினார். கர்நாடக சோஷலிச இயக்கத்தின் முன்னோடி சாந்தவேரி கோபால கவுடாவின் வாழ்வை அடியொற்றிய பாத்திரம் அது.

அதே ஆண்டு மலையாளத்தில் லெனின் ராஜேந்திரன் இயக்கிய 'சுவாதி திருநாள்' படத்தில் இசை மேதையாகிய திருவிதாங்கூர் மன்னராக அவர் நடித்தார். 1990-களின் தொடக்கத்தில் 'கணேஷன மதுவெ', 'கௌரி கணேஷா' போன்ற நகைச்சுவைப் படங்கள் அவரை நடுத்தரக் குடும்பங்களின் வீட்டு மனிதராகவே மாற்றின. வாடகை வீடு, குறைந்த சம்பளம், சொல்லிவிட்டுச் சமாளிக்க முடியாத பொய் என அன்றாட வாழ்விலிருந்து பிறந்த நகைச்சுவை அது.

தம்பி சங்கர் நாக்கும் மால்குடியும்

அனந்த் நாக்கின் வாழ்வைத் தம்பி சங்கர் நாக்கைத் தவிர்த்துவிட்டுப் பேச இயலாது. நடிகரும் இயக்குநருமான சங்கர் நாக், அண்ணனை வைத்து 1980-இல் 'மிஞ்சின ஓட்ட' படத்தை இயக்கினார். சென்னையில் பிறந்த எழுத்தாளர் ஆர்.கே.நாராயணின் கதைகளைத் தழுவி அவர் இயக்கிய 'மால்குடி டேஸ்' தொடர், 1980-களில் தூர்தர்ஷன் வழியாக நாடெங்கும் சென்றடைந்தது. ஷிவமொக்கா மாவட்டத்தின் ஆகும்பெ கிராமமே கற்பனை ஊரான மால்குடியாக உருமாறியது. அத்தொடரில் 'தி வெண்டர் ஆஃப் ஸ்வீட்ஸ்' நாவலைத் தழுவிய பகுதிகளில், மகனைப் புரிந்துகொள்ளத் தவிக்கும் மிட்டாய் வியாபாரி ஜகனாக அனந்த் நாக் நடித்தார்.

1990 செப்டம்பர் 30-ஆம் தேதி தாவணகெரெ அருகே நிகழ்ந்த சாலை விபத்தில் சங்கர் நாக் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 35. 'ஆட்டோ ராஜா' படத்தால் ஆட்டோ ஓட்டுநர்களின் நாயகனான அவருடைய படத்தைப் பெங்களூரு ஆட்டோக்களில் இன்றும் காண முடிகிறது. தம்பியைப் பற்றிய நினைவுகளை அனந்த் நாக் 'நன்ன தம்ம சங்கர' என்ற நூலாக எழுதினார். 'என் தம்பி சங்கர்' என்பது அதன் பொருள்.

மல்லேஸ்வரம் எம்.எல்.ஏ.

திரையில் அரசியல் தலைவராக நடித்தவர், வாழ்விலும் அரசியலில் ஈடுபட்டார். ஜனதா தளத்தின் சார்பில் 1994 சட்டப்பேரவைத் தேர்தலில் பெங்களூருவின் மல்லேஸ்வரம் தொகுதியில் அவர் வெற்றி பெற்றார். ஜே.எச்.பட்டேல் தலைமையிலான அரசில் பெங்களூரு நகர வளர்ச்சித் துறை அமைச்சராகவும் பணியாற்றினார். 2004-இல் சாமராஜ்பேட்டை தொகுதியில் தோல்வியடைந்தார். அதன்பின் நடிப்பே அவருடைய முதன்மைப் பணியாகத் தொடர்ந்தது.

மறு ஆக்கம் கொண்டுவராதது என்ன?

2006-இல் பெரும் வசூல் கண்ட 'முங்காரு மளெ' படத்தில் கதாநாயகியின் தந்தையாக நடித்ததன் மூலம் புதிய தலைமுறை ரசிகர்களையும் அவர் பெற்றார். பத்தாண்டுகளுக்குப் பின், 2016-இல் ஹேமந்த் ராவ் இயக்கிய 'கோதி பண்ண சாதாரண மைகட்டு' வெளியானது. 'கோதுமை நிறம், சாதாரண உடற்கட்டு' என்பது தலைப்பின் பொருள். காணாமல் போனோர் குறித்த அறிவிப்பில் இடம்பெறும் வாசகம் அது. அல்சைமர் நோயால் பாதிக்கப்பட்ட வெங்கோப ராவ் என்ற முதியவர் தொலைந்துபோக, வேலையில் மூழ்கித் தந்தையை மறந்திருந்த மகன் அவரைத் தேடி அலைகிறான். தேடும் வழியில்தான் தந்தை எப்படிப்பட்ட மனிதர் என்பதே அவனுக்குத் தெரியவருகிறது.

இக்கதையே '60 வயது மாநிறம்' எனத் தமிழுக்கு வந்தது. ஹேமந்த் ராவின் அடுத்த படமான 'கவலுதாரி'யே (2019) 'கபடதாரி' ஆனது. ஒரு படத்தின் மறு ஆக்க உரிமையை வாங்கும்போது கதையும் காட்சியமைப்பும் எல்லை கடந்து வருகின்றன. மூல நடிகர் அவ்வாறு வருவதில்லை. உள்ளூர் ரசிகர்களுக்கு அறிமுகமான முகம் தேவை என்பதே இதற்கான வணிகக் காரணம். தமிழில் அப்பாத்திரங்களை ஏற்ற பிரகாஷ் ராஜ், நாசர் ஆகியோரின் திறமை குறித்து ஐயமில்லை. எனினும், மூலத்தில் அதை உருவாக்கியவர் யார் என்பதை ரசிகர்கள் அறியாமலே போகின்றனர்.

மொழிமாற்றம் செய்யப்பட்ட படங்கள் இந்த நிலையை ஓரளவு மாற்றின. 2018-இல் தமிழிலும் வெளியான 'கேஜிஎஃப்' முதல் பாகத்தில் ராக்கியின் கதையைச் சொல்லும் பத்திரிகையாளர் ஆனந்த் இங்களகியாகத் தோன்றியவர் அனந்த் நாக். தமிழ் ரசிகர்கள் பலர் அவருடைய முகத்தை முதன்முறையாகப் பார்த்தது அப்படத்தில்தான். ஆனால், 2022-இல் வெளியான இரண்டாம் பாகத்தில் அவர் இடம்பெறவில்லை. ஆனந்தின் மகனாக வந்து கதையைத் தொடர்ந்தவர் பிரகாஷ் ராஜ்.

தாமதமாக வந்த அங்கீகாரம்

நாட்டின் மூன்றாவது உயரிய குடிமக்கள் விருது பத்ம பூஷண். இவ்விருதுகளுக்குப் பொதுமக்களும் இணையவழியில் பெயர்களைப் பரிந்துரைக்கலாம். அனந்த் நாக்குக்குப் பத்ம விருது வழங்க வேண்டும் என 2021-இல் கன்னடத் திரைக்கலைஞர்களும் ரசிகர்களும் சமூக வலைதளங்களில் குரல் எழுப்பினர். விருது அறிவிக்கப்பட்டபோது அவருக்கு வயது 76. முதல் படம் வெளியாகி ஐம்பது ஆண்டுகள் கடந்திருந்தன.

கன்னடத்தில் ராஜ்குமார் 1983-லும், கிரீஷ் கர்னாட், பி.சரோஜாதேவி ஆகியோர் 1992-லும் இதே விருதைப் பெற்றுள்ளனர். ராஜ்குமாரைப் போலப் புராண நாயகனாகவோ, சரோஜாதேவியைப் போலப் பல மொழிகளில் கோலோச்சிய நட்சத்திரமாகவோ அனந்த் நாக் அறியப்பட்டவர் அல்லர். எழுத்தர், அதிகாரி, கணவர், தந்தை என அடுத்த வீட்டில் வாழும் மனிதரையே அவர் பெரும்பாலும் திரையில் காட்டினார். அத்தகைய நடிப்பை அங்கீகரிக்கக் காலம் பிடிக்கும் என்பதற்கு அவருடைய திரைவாழ்வே சான்று.

'60 வயது மாநிறம்' படத்தை விரும்பிய தமிழ் ரசிகர்கள் 'கோதி பண்ண சாதாரண மைகட்டு' படத்தையும் ஒருமுறை பார்க்கலாம். கதை முன்பே தெரியும் என்பதால், வெங்கோப ராவாக அவர் நடந்து செல்லும் விதத்தையும், பேச வந்த சொல் மறந்து தயங்கும் கணங்களையும் நிதானமாகக் கவனிக்க இயலும்.