நர்ஸ் மருந்து எழுதினால் போதுமா?

நமது மருத்துவ உதவித் திட்டம் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ஜமாஅத்தார் சிலர் ஒரு கேள்வி கேட்கிறார்கள். டாக்டர் இல்லாமல் நர்ஸை மட்டும் வைத்து வைத்தியம் பார்த்தால் அது ஏழைக்குக் கொடுக்கும் இரண்டாந்தர வைத்தியம் ஆகாதா? கேள்வியில் நியாயம் இருக்கிறது. இதே கேள்விக்குத் தென்னாப்பிரிக்காவில் எச்.ஐ.வி. சிகிச்சை விஷயத்தில் விடை தேடிய விதத்தை இங்கே சொல்ல விரும்புகிறோம்.

அங்கே அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது 2004-இல். மருந்து வந்தது, எழுதிக் கொடுக்க டாக்டர் இல்லை. கிராமத்துச் சுகாதார நிலையங்களில் நாள்தோறும் இருப்பவர்கள் நர்ஸ்கள்தாம். சிகிச்சையைத் தொடங்கும் அதிகாரமோ டாக்டரிடம் மட்டுமே இருந்தது. வரிசையில் காத்திருந்தபடியே பலர் இறந்துபோனார்கள்.

நர்ஸிடம் பொறுப்பைக் கொடுக்கலாமா என்பதை வாதத்தால் முடிவு செய்யாமல் சோதித்துப் பார்த்தார்கள். கேப் டவுனிலும் ஜோகன்னஸ்பர்க்கிலும் 812 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, டாக்டர் சிகிச்சையைத் தொடங்கி வைத்தபின், ஒரு பகுதியினரை நர்ஸ்களும் மறு பகுதியினரை டாக்டர்களும் கவனித்தார்கள். 2010-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவு வந்தது. சிகிச்சை தவறியவர்கள் நர்ஸ் பக்கம் 48 சதவீதம், டாக்டர் பக்கம் 44 சதவீதம். இதைப் பார்த்தவுடன் "நர்ஸ் மட்டம்தானே" என்று சொல்லிவிடக் கூடாது. இந்த அளவு வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடியது. எவ்வளவு வரை சமமாகக் கொள்ளலாம் என்று முன்கூட்டியே வைத்த வரம்புக்குள்தான் அது இருந்தது. "தவறியது" என்பதில் மரணம் மட்டுமல்ல, வராமல் நின்றுவிட்டவர், பக்க விளைவால் பாதிக்கப்பட்டவர் எல்லோரும் அடக்கம். இறந்தவர்கள் நர்ஸ் பக்கம் 10 பேர், டாக்டர் பக்கம் 11 பேர்.

இதைவிடப் பெரிய சோதனை ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் நடந்தது. 2008 முதல் 2010 வரை 31 சுகாதார நிலையங்கள், பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள். இங்கே நோயாளியை அல்ல, நிலையங்களையே குலுக்கல் போட்டார்கள். நல்ல நிலையங்களாகப் பொறுக்கி எடுத்தால் எந்தத் திட்டமும் ஜெயித்துவிடும் அல்லவா? 16 நிலையங்களில் நர்ஸ்களுக்கு அவர்கள் வேலை பார்க்கும் இடத்திலேயே பயிற்சி கொடுத்து, சிகிச்சையைத் தொடங்கவும் தொடரவும் அனுமதித்தார்கள். சிக்கலான நோயாளிகள் மட்டும் டாக்டரிடம் போனார்கள். 15 நிலையங்கள் பழைய முறையிலேயே நடந்தன.

நமக்கு முக்கியமாகப் பட்டது அவர்கள் கணக்கெடுத்த முறை. வந்து மருந்து வாங்கியவரை எண்ணுவது சுலபம். வராமல் போனவர் எங்கே போனார்? நிலையத்தின் பதிவேட்டில் அவர் வெறும் காலிக் கட்டம். அதனால் அடையாள எண்ணைக் கொண்டு நாட்டின் மக்கள் பதிவேட்டில் தேடி, அவர் உயிரோடு இருக்கிறாரா என்று பார்த்தார்கள்.

ஏற்கெனவே சிகிச்சையில் இருந்தவர்களில் வைரஸ் கட்டுக்குள் இருந்தவர்கள் நர்ஸ் பொறுப்பில் 71 சதவீதம், பழைய முறையில் 70 சதவீதம். அதாவது நர்ஸ் கொடுத்தது இரண்டாந்தர வைத்தியம் அல்ல. ஆனால் சிகிச்சைக்குக் காத்திருந்தவர்களில் இரு பக்கமும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இறந்திருந்தார். காத்திருக்கும் காலமும் எதிர்பார்த்தபடி குறையவில்லை. இடையில் 2008 நவம்பரில் மாகாணத்தில் மருந்துத் தட்டுப்பாடு வந்து, புதியவர்களுக்குச் சிகிச்சை தொடங்குவதே சில மாதங்கள் நிறுத்தப்பட்டது. மருந்து இல்லாத அலமாரிக்கு முன்னால் டாக்டர் நின்றால் என்ன, நர்ஸ் நின்றால் என்ன? அனுமதி கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று நினைத்தவர்களுக்கு இந்த இரண்டாவது முடிவு கசப்பாகத்தான் இருந்திருக்கும். அதையும் மறைக்காமல் 2012-இல் வெளியிட்டார்கள். 2010 ஏப்ரல் முதலே நர்ஸ்கள் சிகிச்சை தொடங்கலாம் என்பது அந்நாட்டின் கொள்கையாகிவிட்டது.

எண்களில் வராத ஒன்றும் உண்டு. மருந்து பக்கத்திலேயே கிடைத்தாலும், யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயந்து வராதவர்கள் இருக்கிறார்கள். கேப் டவுனில் 2000-ஆம் ஆண்டு நம் சகோதரர்கள் தொடங்கிய 'பாசிட்டிவ் முஸ்லிம்ஸ்' அமைப்பு, நோய் எப்படி வந்தது என்று விசாரிக்காமல் நோயாளிக்குத் துணை நின்றது. மார்க்க அறிஞர் ஃபரீத் இஸ்ஹாக் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். நமது பள்ளிவாசல்களில் இந்த நோயின் பெயரைச் சொல்லவே இன்னும் தயங்குகிறோம்.

இதை எழுதும்போது நமது ஆண்டறிக்கைகளைப் புரட்டிப் பார்த்தோம். "இத்தனை பேர் பயன்பெற்றனர்" என்றே எல்லா ஆண்டும் எழுதியிருக்கிறோம். முகாமுக்கு வந்த தலைகளை எண்ணியிருக்கிறோமே தவிர, அவர்களுக்குக் குணமானதா என்று பார்க்கவில்லை. உங்கள் ஜகாத்தும் சதக்காவும் எங்களிடம் உள்ள அமானிதம்; அதற்கு இந்தக் கணக்கு போதாது. சர்க்கரை நோய்க்கு மாதாமாதம் மாத்திரை வாங்குவோரில் மூன்று மாதமாக வராதவர்களின் பட்டியலை இப்போது தயாரித்து வருகிறோம். வீடு தேடிப் போய் விசாரித்தபின், பெயர்களை விட்டுவிட்டு, எத்தனை பேர், என்ன காரணம் என்பதை இன்ஷா அல்லாஹ் அடுத்த இதழில் தருவோம்.