தொடரேடு: அங்கத்தினர் அறிய வேண்டுவது

ஆழ்வார்குறிச்சி அங்கத்தினர் ஒருவர் செலுத்தும் கடன் தவணை சங்கப் பேரேட்டிலும் அவரது பாஸ் புத்தகத்திலும் பதிவாகிறது. ஒன்றைத் திருத்தினால் மற்றொன்று காட்டிக்கொடுக்கும். பிளாக்செயின் என்னும் தொடரேட்டின் தத்துவமும் ஏறக்குறைய இதுவே.

இதில் ஒவ்வொரு பதிவுத் தொகுதியும் முந்திய தொகுதியின் அடையாள எண்ணைத் தாங்கி நிற்கும். ஓர் எழுத்தை மாற்றினாலும் அவ்வெண் மாறித் தொடர் முறியும். நகல்கள் பல கணிப்பொறிகளில் இருப்பதால் களவாகத் திருத்துதல் அரிது. பத்திரங்கள் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கும். அவற்றின் அடையாள எண் மட்டுமே தொடரேட்டில் ஏறும். எனவே மூலப் பத்திரத்தைத் தனியே பேணல் வேண்டும்.

தமிழக அரசு 2020-இல் இதற்கெனக் கொள்கை வெளியிட்டது; பின்னர் ‘நம்பிக்கை இணையம்’ என்னும் அமைப்பையும் ஏற்படுத்தியது.

ஆயினும் முதலில் எழுதியதே பிழையானால், அப்பிழையும் அழியாது நிற்கும். ஆதலின் பணம் செலுத்தியவுடன் ரசீதையும் பதிவையும் ஒப்பிட்டுப் பார்ப்பது அங்கத்தினர்களின் கடமையாகும்.